சொல்லுக்குப் பொட்டு வைத்தால் போதுமா?

“அத்தை, விளக்கை அணைச்சுடட்டுமா?”

கல்யாணமாகிப் புகுந்த வீட்டுக்கு வந்த முதல் வெள்ளிக்கிழமை. பூஜையறை வாசலில் நின்றுகொண்டு என் மாமியாரிடம் நான் கேட்ட கேள்வி இது. கையிலிருந்த உதிரிப்பூவைத் தட்டில் வைத்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். கோபமெல்லாம் இல்லை. “அணைன்னு சொல்லக் கூடாதும்மா, மலையேத்தட்டுமான்னு கேளு” என்றார். தமிழ் படித்த பெண்ணுக்கு இதுகூடத் தெரியவில்லையே என்று உதட்டோரம் ஒரு சிரிப்பு.

பல வருடங்கள் ஓடிவிட்டன. அதே பூஜையறை, அதே விளக்கு. என் மகள் கேட்டாள், “பாட்டி, விளக்கு எந்த மலைக்கு ஏறிப் போகும்?”

“ஜோதி வேற எங்கே போகும்? திருவண்ணாமலைக்குத்தான்!”

யோசிக்காமல் பதில் சொன்னார் மாமியார். எனக்கு மெய்சிலிர்த்துவிட்டது. ஒரு சின்ன விளக்கின் சுடர் அடங்குவதைக்கூட ‘அழிவு’ என்று நினைக்க மனம் வராமல், ‘தன் வீட்டுக்குத் திரும்புகிறது’ என்று சொல்லி வைத்த நம் முன்னோர்களை என்னவென்று சொல்வது! உங்கள் வீட்டில் ‘குளிர வை’ என்பார்களாக இருக்கும். ‘அமர்த்து’ என்று சொல்லும் வீடுகளும் உண்டு. எப்படிச் சொன்னாலும் உள்ளே இருக்கும் பக்தி ஒன்றுதான்.

தோழியரே, மங்கலமாகப் பேசுவது நமக்குக் கிடைத்த சீதனம். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால், மூன்று வருடங்களுக்கு முன்னால் ஒரு நவராத்திரியில், இதே மங்கலப் பேச்சை வைத்துக்கொண்டு நான் ஒரு தவறு செய்தேன். அதைப் பற்றித்தான் இந்த வாரம் உங்களோடு மனம்விட்டுப் பேசப் போகிறேன். அதற்கு முன், நாம் தினமும் புழங்கும் சொற்களைக் கொஞ்சம் எடுத்துப் பார்த்துவிடலாமா?

பவணந்தியார் வகுத்த வழக்கு

வெளியே கிளம்பும்போது ‘போறேன்’ என்று சொன்னால் அம்மா விடமாட்டாள். ‘போயிட்டு வரேன்னு சொல்லு’ என்பாள். ‘மஞ்சள் இல்லை’ என்று மளிகை லிஸ்ட்டில் எழுதினால் பாட்டி பேனாவைப் பிடுங்கிக்கொள்வாள். ‘மஞ்சள் வாங்கணும்னு எழுதேன்’ என்பாள். தாலிக்கயிறு நைந்து அறுந்துவிட்டால், ‘பெருகிடுச்சு’ என்போம். இல்லாமையைப் பெருக்கமாகவே பேசிவிடும் சாமர்த்தியம்! அவ்வளவு ஏன், பல்லில் விஷம் வைத்திருக்கும் பாம்புக்கே ‘நல்ல பாம்பு’ என்று பெயர் வைத்தவர்கள் அல்லவா நாம்!

கல்லூரியில் நன்னூல் படித்தபோது இதற்கெல்லாம் இலக்கணத்திலேயே இடம் இருக்கிறது என்று தெரிந்து ஆச்சரியப்பட்டிருக்கிறேன். 13-ம் நூற்றாண்டில் நன்னூல் எழுதிய பவணந்தி முனிவர், ‘தகுதி வழக்கு’ என்று மூன்றைச் சொல்கிறார். சபையில் சொல்லக் கூசும் சொல்லை மறைத்து வேறு விதமாகச் சொல்வது ‘இடக்கரடக்கல்’. கழிவறைக்குப் போய் வந்ததைக் ‘கால் கழுவி வந்தேன்’ என்கிறோமே, அது. அமங்கலமானதை மங்கலமாகச் சொல்வது ‘மங்கலம்’. இறந்தார் என்னாமல் ‘துஞ்சினார்’ என்பதும், சுடுகாட்டை ‘நன்காடு’ என்பதும் இதில் சேரும். ஒரு கூட்டத்தார் தங்களுக்குள் மட்டும் புரிய வைத்துக்கொள்ளும் சொல் ‘குழூஉக்குறி’. பொற்கொல்லர்கள் பொன்னைப் ‘பறி’ என்று சொல்வார்களாம். எதிரே உட்கார்ந்திருப்பவருக்கு என்ன பேசுகிறார்கள் என்றே தெரியாது!

இந்த மூன்றையும் ஒரே சூத்திரத்தில் அடுத்தடுத்து வைத்திருக்கிறார் முனிவர். அப்போது பரீட்சைக்காக மனப்பாடம் செய்தேன். கூச்சத்துக்காக மறைப்பது, அன்புக்காக மாற்றுவது, அடுத்தவருக்குத் தெரியக் கூடாது என்று ஒளிப்பது... இந்த மூன்றும் எத்தனை நெருக்கமாகக் குடியிருக்கின்றன என்பது இப்போதுதான் புரிகிறது. ஒன்றின் வீட்டிலிருந்து இன்னொன்றின் வீட்டுக்குப் போக ஒரு எட்டு போதும்.

ஆலயத்தின் மொழி

நம் ஆலயங்களுக்குள் போனால் ஒரு தனி மொழியே காத்திருக்கும். கோயிலை ‘மூட’ மாட்டார்கள், ‘நடை சாத்துவார்கள்’. சுவாமி வெளியே ‘வர’ மாட்டார், ‘எழுந்தருள்வார்’. அவருக்குக் குளியல் இல்லை, ‘திருமஞ்சனம்’. வைணவப் பெரியவர்கள் வீட்டில் ரசம் ‘சாற்றமுது’ ஆகிவிடும். பாயசமோ ‘திருக்கண்ணமுது’! சொல்லும்போதே நாக்கில் இனிக்கிறது, இல்லையா?

மரணத்தைச் சொல்லும்போதும் அப்படித்தான். சைவர்கள் ‘சிவலோகப் பதவி அடைந்தார்’ என்பார்கள். வைணவர்கள் ‘ஆசார்யன் திருவடி அடைந்தார்’ என்பார்கள். ‘இறைவனடி சேர்ந்தார்’ என்று போஸ்டர் ஒட்டாத தெரு நம் ஊரில் இருக்கிறதா?

இதையெல்லாம் பூசி மெழுகும் பேச்சு என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். ‘திருவடி அடைந்தார்’ என்று கேட்ட யாரும், அவர் உயிரோடு இருக்கிறார் என்று ஏமாறுவதில்லை. உண்மை அப்படியே இருக்கிறது. அதைச் சுமந்து வரும் கை மட்டும் மென்மையாக இருக்கிறது. துக்கத்தில் இருப்பவருக்கு அது ஒரு பிடிமானம். யாரையும் ஏமாற்றாமல், யாரையும் தள்ளி வைக்காமல், கேட்பவரின் மனதைக் குளிர வைக்கிறதே, இதுதான் மங்கலச் சொல்லின் உயர்ந்த நிலை.

அம்மா வந்திருக்கிறாள்!

இன்னொரு சொல்லைப் பார்ப்போம். வீட்டில் குழந்தைக்கு அம்மை போட்டுவிட்டால், ‘அம்மா வந்திருக்கா’ என்கிறோம். கொப்புளத்தை ‘முத்து’ என்கிறோம். குணமானால், ‘அம்மா இறங்கிட்டா’ என்று தலைக்குத் தண்ணீர் விடுகிறோம். நோயையே தாயின் வருகையாகப் பார்க்கிற மனசு! சமயபுரத்தில் மாரியம்மன் மாசி மாதக் கடைசியில் தொடங்கி 28 நாட்கள் பச்சைப்பட்டினி விரதம் இருக்கிறாள். பக்தர்கள் அம்மனுக்காக விரதம் இருப்பது எங்கேயும் உண்டு. பக்தர்களின் நலனுக்காக அம்மனே பட்டினி கிடப்பது அங்கேதான். அப்படிப்பட்ட தாயின் பெயரை நோய்க்கு வைத்ததால், படுத்திருக்கும் குழந்தையை யாரும் அருவருப்பாகப் பார்ப்பதில்லை. வீட்டில் சத்தம் போடுவதில்லை. வாசலில் வேப்பிலை செருகியதைப் பார்த்ததும் வெளி ஆட்கள் உள்ளே வராமல் ஒதுங்கிப் போகிறார்கள். தொற்று பரவாமல் இருக்க இதுவும் ஒரு வழிதானே!

ஆனால், இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. ‘அம்மா வந்திருக்கிறாள், டாக்டரிடம் போகக் கூடாது’ என்று இருந்துவிட்டு, காய்ச்சல் முற்றிய பிறகு ஆட்டோவில் அள்ளிப் போட்டுக்கொண்டு ஓடிய குடும்பங்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். ஒரு காலத்தில் உயிர்களைக் கொள்ளை கொண்டுபோன பெரியம்மை, தடுப்பூசியால் ஒழிந்துவிட்டது என்று 1980-ம் ஆண்டு உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. தடுப்பூசி போட்டுக்கொண்டவர்கள் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுவதை விட்டுவிட்டார்களா என்ன? வேப்பிலையும் வேண்டும், வைத்தியமும் வேண்டும் என்று புரிந்துகொண்டார்கள். ‘அம்மா’ என்ற சொல் குழந்தையை அணைத்துக்கொள்ளும் வரை அது வரம். டாக்டர் வீட்டுக் கதவை மறைத்துக்கொண்டு நின்றால், அது அம்மாவின் விருப்பமாக இருக்குமா?

தூரம்... எவ்வளவு தூரம்?

நாம் மட்டும் பேசிக்கொள்கிற ஒரு விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். மாதத்தில் மூன்று நாட்களுக்கு நாம் வைத்திருக்கும் பெயர்கள்தான் எத்தனை! ‘வீட்டுக்கு விலக்கு’, ‘தூரம்’, ‘தலைக்குக் குளிக்கணும்’... பலர் முன்னிலையில் சொல்லக் கூசுவது இயல்பு. அதுதான் பவணந்தியார் சொன்ன இடக்கரடக்கல். அதில் குறையொன்றுமில்லை.

கேரளத்தில் செங்கன்னூர் மகாதேவர் ஆலயத்தில் தேவிக்கு இதே உபாதை வருவதாக ஐதீகம். அங்கே அதற்குத் ‘திருப்பூத்து’ என்று பெயர். நடை சாத்தி, பிறகு ஆறாட்டு நடத்தி, விழாவாகவே கொண்டாடுகிறார்கள். அஸ்ஸாமில் காமாக்யா தேவிக்கு ஆண்டுக்கொரு முறை வரும் அம்புவாசி விழாவுக்கு லட்சக்கணக்கில் பக்தர்கள் திரள்கிறார்கள். தேவிக்கு என்றால் ‘திரு’வும் ‘பூ’வும் சேர்ந்து ஒரு பெயர். நம் வீட்டுப் பெண் குழந்தைக்கு என்றால் ‘தூரம்’!

ஆசாரம் அவரவர் குடும்ப வழக்கம். அதில் நான் தலையிடவில்லை. ஆனால், வயிற்றுவலியில் துடிக்கும் பன்னிரண்டு வயதுப் பெண், அதை அம்மாவிடம்கூட வாய்விட்டுச் சொல்லத் தெரியாமல் போர்வைக்குள் சுருண்டு கிடக்கிறாள் என்றால், நாம் அவளுக்குச் சொல் சொல்லிக் கொடுக்கவில்லை, மறைக்க மட்டுமே சொல்லிக் கொடுத்திருக்கிறோம் என்றுதானே அர்த்தம்? சபையில் மறைக்கலாம். அம்மாவின் மடியிலுமா மறைக்க வேண்டும்?

“உங்க வீட்டுல லிஃப்ட் இருக்கேடி!”

இனி, என் கதைக்கு வருகிறேன்.

என் அம்மாவுடைய தங்கை, எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி இருக்கிறார். எனக்குக் கோலம் போடவும், பாட்டுப் பாடவும் கற்றுக்கொடுத்தது அந்தச் சித்திதான். எங்கள் வீட்டுக் கொலுவுக்கு முதல் ஆளாக வருவார். வந்ததும் மேல் படியில் பொம்மை கோணலாக இருப்பதைக் கண்டுபிடித்துச் சரி செய்வார். பிறகு உட்கார்ந்து பாட ஆரம்பித்தால், சுண்டல் ஆறிப் போவதுகூடத் தெரியாமல் கேட்டுக்கொண்டிருப்போம்.

சித்தப்பா திடீரென்று காலமானார். அதற்கடுத்து வந்த நவராத்திரி. யார் யாரை வெற்றிலைபாக்குக்கு அழைப்பது என்று பட்டியல் எழுத உட்கார்ந்தேன். சித்தியின் பெயர் வரும் இடத்தில் பேனா நின்றது. மாமியார் பக்கத்தில்தான் இருந்தார். அவர் எதுவும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. பட்டியலை மடித்து வைத்துவிட்டேன்.

சரஸ்வதி பூஜையன்று மனசு கேட்காமல் சித்திக்கு போன் செய்தேன். அது இதென்று பேசிவிட்டு, “சித்தி, ஏறி இறங்கி வரது உங்களுக்குச் சிரமமா இருக்குமேன்னுதான் இந்தத் தடவை தொந்தரவு பண்ணலை...” என்றேன். எவ்வளவு பக்குவமாகப் பேசிவிட்டோம் என்று எனக்குள் ஒரு திருப்தி வேறு!

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு சித்தி சொன்னார்.

“உங்க வீட்டுல லிஃப்ட் இருக்கேடி!”

எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. சித்தி கோபப்படவில்லை. குரல்கூட உயரவில்லை. “உன்னைக் கூப்பிடலைன்னு சொல்லு, தாங்கிக்குவேன். ஊர் வழக்கம் எனக்கும் தெரியும். ஆனா எனக்குச் சிரமம்னு சொல்லாதே. சிரமம் உனக்கு. அதை எதுக்கு என் தலையில வைக்கறே?” என்றார்.

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. நான் ஒரு கெட்ட வார்த்தையும் பேசவில்லை. ‘அமங்கலி’ என்று சொல்லவில்லை. மங்கலமாக, மென்மையாக, அவர் உடம்பைப் பற்றி அக்கறையோடு பேசுவது போலத்தான் பேசினேன். அந்த மென்மைதான் அவரை அதிகமாகக் காயப்படுத்தியிருக்கிறது. ஒதுக்கியதும் நான்தான். ஒதுக்கவில்லை என்று அவரையே நம்பச் சொன்னதும் நான்தான்.

இரண்டு புள்ளிகள்

தமிழ் மேடைகளில் அடிக்கடி சொல்லப்படும் ஒரு நயம் உண்டு. ‘விதவை’ என்று எழுதிப் பாருங்கள். அந்தச் சொல்லில் ஒரு எழுத்துக்கும் புள்ளி இல்லை. சொல்லுக்குக்கூடப் பொட்டில்லை! அதையே ‘கைம்பெண்’ என்று எழுதினால், ‘ம்’ ஒரு புள்ளி, ‘ண்’ ஒரு புள்ளி. இரண்டு பொட்டு!

கல்லூரி நாட்களில் இதைக் கேட்டு நானும் கைதட்டியிருக்கிறேன். நல்ல உள்ளத்தோடு சொல்லப்பட்ட நயம்தான். ஆனால், சித்தியோடு பேசிய அன்று இரவு, அந்த இரண்டு புள்ளிகள் என்னைப் பார்த்துச் சிரிப்பது போலிருந்தது. சொல்லுக்கு இரண்டு பொட்டு வைத்தோம். அந்தப் பெண்மணியை உட்காரச் சொல்லி ஒரு பாய் விரித்தோமா?

நாம் கும்பிடும் தெய்வங்களும் மகான்களும் இந்த விஷயத்தில் நம்மைவிடத் தாராளமாகவே இருக்கிறார்கள். தச மகா வித்யைகள் என்று சொல்லப்படும் பத்து தேவியரில் ஒருத்தி தூமாவதி. அவளைக் கணவனை இழந்த கோலத்தில்தான் வழிபடுகிறார்கள். காசியில் அவளுக்குக் கோயில் இருக்கிறது. பாரதத்தில் தூது போன கண்ணன், விதுரர் வீட்டில் தங்கியிருந்த தன் அத்தை குந்தியைத் தேடிப் போய்ப் பார்க்கிறான். குந்தி அப்போது பாண்டுவை இழந்து பல வருடங்கள் ஆனவள். நல்ல காரியத்துக்காகப் போகிறோமே என்று பரந்தாமன் அவளைப் பார்க்காமல் ஒதுங்கிப் போகவில்லை!

பெயரும் கதவும்

இந்த யோசனையிலேயே இருந்தபோதுதான் ஸ்ரீராமாநுஜரின் வாழ்க்கையில் நடந்த ஒரு சம்பவம் நினைவுக்கு வந்தது. கர்நாடகத்தில் மேல்கோட்டை என்று இப்போது அழைக்கப்படும் திருநாராயணபுரத்துக்கு, டெல்லியிலிருந்து செல்வப்பிள்ளை பெருமாளை மீட்டுக்கொண்டு வருகிறார் உடையவர். வழியில் அவருக்குத் துணையாக நின்று காத்தவர்கள், அந்நாளில் ஊர் தீண்டத்தகாதவர் என்று ஒதுக்கி வைத்திருந்த மக்கள். உடையவர் நெகிழ்ந்து போனார். அவர்களுக்குத் ‘திருக்குலத்தார்’ என்று பெயர் சூட்டினார். மகாலட்சுமியின் குலத்தவர் என்று அர்த்தம். குருபரம்பரை வழியே வரும் வரலாறு இது.

அத்தோடு அவர் நிற்கவில்லை என்பதுதான் முக்கியம். ஆண்டில் குறிப்பிட்ட சில நாட்கள் அவர்கள் ஆலயத்துக்குள் வந்து பெருமாளைச் சேவிக்கும் உரிமையையும் ஏற்படுத்திக் கொடுத்தார். வெறும் சில நாட்கள்தானே என்று இன்று நமக்குத் தோன்றலாம். பல நூற்றாண்டுகளுக்கு முன்னால், யாருமே திறக்காத கதவு அது. பெயரைக் கொடுத்த அதே கை கதவையும் தள்ளித் திறந்தது.

பிற்காலத்தில் மகாத்மா காந்தி அதே மக்களை ‘ஹரிஜன்’, அதாவது ஹரியின் பிள்ளைகள் என்று அழைத்தார். 1933-ல் அந்தப் பெயரிலேயே பத்திரிகையும் தொடங்கினார். அவருடைய உள்ளத்தில் இருந்தது அன்புதான். ஆனால், டாக்டர் அம்பேத்கர் அந்தப் பெயரை ஏற்றுக்கொள்ளவில்லை. ‘எங்களுக்கு நீங்கள் வைக்கும் பெயர் வேண்டாம், எங்களுக்கு உரியது வேண்டும்’ என்பதுதான் அந்த மக்கள் பக்கத்திலிருந்து எழுந்த குரலின் சாரம். அழகான பெயர் வைக்கப்பட்ட பிறகும் ஊர்க் கிணறும் கோயில் வாசலும் பல இடங்களில் அப்படியேதான் இருந்தன. பெயர் இனித்தது, நிலை கசந்தது.

1939-ம் ஆண்டு ஜூலை 8-ம் தேதி. மதுரையில் வைத்தியநாத ஐயர், கக்கன் உள்ளிட்டவர்களை உடன் அழைத்துக்கொண்டு மீனாட்சியம்மன் சந்நிதிக்குள் போனார். அம்மன் எதிரே கைகூப்பி நின்ற அந்த நிமிடத்தில், அவர்களை எந்தப் பெயரால் அழைப்பது என்ற கேள்விக்கே வேலை இல்லை. ‘பக்தர்கள்’ என்று சொன்னால் போதுமே!

இந்தக் கதையை நம் வீட்டுக்குள்ளும் கொண்டு வந்து பாருங்கள். ‘வேலைக்காரி’ என்று சொல்வது தப்பு என்று இப்போது நமக்குத் தெரிகிறது. ‘எங்க வீட்டுல ஒருத்தி மாதிரி’ என்கிறோம். ஆனால், அவருக்குக் காபி கொடுக்கும் டம்ளர் மட்டும் சமையல் மேடைக்குக் கீழே தனியாகக் கவிழ்ந்திருக்கிறது. ‘ஊனமுற்றோர்’ என்ற சொல்லை விட்டு, 2010 முதல் தமிழக அரசே ‘மாற்றுத்திறனாளிகள்’ என்று சொல்கிறது. நல்ல மாற்றம்தான். நாமும் மாறிவிட்டோம். ஆனால், நம் தெரு முனைப் பிள்ளையார் கோயில் கும்பாபிஷேகத்துக்கு நன்கொடை எழுதும்போது, சக்கர நாற்காலி ஏறும்படி ஒரு சாய்தளம் வையுங்கள் என்று நம்மில் எத்தனை பேர் கேட்டிருக்கிறோம்?

வள்ளுவர் வைத்த தராசு

“அப்படியானால் மனசில் பட்டதைப் பட்டென்று போட்டு உடைக்க வேண்டுமா? அதுதான் சத்தியமா?” என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. ‘உள்ளதைச் சொன்னேன்’ என்று சொல்லிக்கொண்டு ஊரைக் குத்திக் கிழிப்பவர்களை நாம் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறோம்! பழைய கொச்சைச் சொற்களுக்குத் திரும்பிப் போங்கள் என்று நான் சொல்லவே இல்லை. ஒருவரை அவர் விரும்பாத பெயரால் அழைப்பது பாவம். அதில் மாற்றுக் கருத்தே கிடையாது.

இதற்கு வள்ளுவர் அருமையான தராசு ஒன்றை வைத்துக் கொடுத்திருக்கிறார். ‘வாய்மை’ என்ற 30-ம் அதிகாரத்தை, யாருக்கும் தீங்கு தராத சொல்லைச் சொல்வதே வாய்மை என்றுதான் தொடங்குகிறார். குற்றமில்லாத நன்மையைத் தருமானால், பொய்கூட வாய்மையின் இடத்தில் வைக்கத்தக்கது என்கிறார் அடுத்த குறளில். ‘பார்த்தீர்களா, வள்ளுவரே அனுமதி கொடுத்துவிட்டார்’ என்று நாம் கிளம்பிவிடக் கூடாது அல்லவா? உடனே மூன்றாவது குறளில், தன் மனசுக்குத் தெரிந்தே ஒருவன் பொய் சொன்னால் அந்த மனசே அவனைச் சுடும் என்று எச்சரிக்கிறார். சித்தியோடு பேசிய அன்று இரவு என்னைத் தூங்கவிடாமல் செய்தது அதுதானோ!

‘இனியவை கூறல்’ 10-ம் அதிகாரம். இன்சொல் எது என்று அங்கே விளக்கும்போது, அதில் அன்பு கலந்திருக்க வேண்டும், வஞ்சனை கலந்திருக்கக் கூடாது என்று இரண்டையும் சேர்த்தே வைக்கிறார். என் ‘சிரமம்’ என்ற சொல்லை இந்தத் தராசில் வைத்துப் பார்த்தேன். இனிப்பு இருந்தது. வஞ்சனையும் இருந்தது. சித்தியின் மனம் குளிர அதை நான் சொல்லவில்லை. என் மனம் உறுத்தாமல் இருக்கவே சொல்லியிருக்கிறேன்.

அதற்குப் பிறகு, ஒரு மென்மையான சொல் வாயில் வரும்போதெல்லாம் எனக்குள் கேட்டுக்கொள்கிறேன். இந்தச் சொல்லால் யாருக்குக் குளிர்ச்சி? கேட்பவருக்கா, எனக்கா? ‘விளக்கு மலையேறியது’ என்றால் வீடே குளிர்கிறது. ‘உங்களுக்குச் சிரமம்’ என்றால் நான் மட்டும் குளிர்காய்கிறேன். வித்தியாசம் அவ்வளவுதான்.

அடுத்த நவராத்திரி

அடுத்த வருடம் பட்டியல் எழுத உட்கார்ந்தபோது முதல் பெயராகச் சித்தியை எழுதினேன். மாமியாரிடம் காட்டினேன். வெகுநேரம் பார்த்தார். “நான் இதுவரைக்கும் இப்படிக் கூப்பிட்டதில்லைம்மா” என்றார். சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அவர் வளர்ந்த விதம் அப்படி. அதற்காக அவரை நான் குறை சொல்ல மாட்டேன்.

போனில் சொல்லாமல் நேரில் போனேன். “சித்தி, போன வருஷம் உங்களைக் கூப்பிடாதது என் தப்பு. யாராவது ஏதாவது சொல்வாங்களோன்னு பயந்துட்டேன். இந்த வருஷம் அவசியம் வரணும்” என்றேன்.

சித்தி என் கையைப் பிடித்துக்கொண்டார். “குங்குமம் நான் வச்சுக்கறதில்லை. அதை நீட்டி என்னைச் சங்கடப்படுத்தாதே. சுண்டல் மட்டும் எடுத்து வை. ரெண்டு பாட்டுப் பாடறேன்” என்றார். சித்திக்கு என்ன வேண்டும் என்பதை நானாகவே முடிவு செய்யாமல் அவரிடமே கேட்டிருக்கலாமே என்று அப்போது உறைத்தது.

சித்தி வந்தார். வந்ததும், மேல் படியில் கோணலாக இருந்த தசாவதார செட்டைச் சரி செய்தார். எதிர் ஃப்ளாட்டிலிருந்து வந்திருந்த அம்மா, சித்தியைப் பார்த்ததும், “அடுப்புல பால் வச்சுட்டு வந்துட்டேன், இன்னொரு நாள் வரேன்” என்று அவசரமாக எழுந்து போய்விட்டார். எனக்குச் சங்கடமாகிவிட்டது. சித்தி என்னைப் பார்த்துச் சிரித்தார். “பால் பொங்கினா நல்ல சகுனம்தானேடி!” என்றார்.

மாமியார் முதலில் சமையலறையை விட்டு வெளியே வரவே இல்லை. சுண்டல் கிண்ணத்தை மட்டும் நிரப்பி நிரப்பி என் மகளிடம் கொடுத்தனுப்பினார். இரண்டாவது பாட்டு தொடங்கியபோது, புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டே வந்து பாயின் ஓரத்தில் உட்கார்ந்தார். சித்தி கிளம்பும்போது தாம்பூலப் பையை மாமியாரே எடுத்து வந்து கொடுத்தார். உள்ளே தேங்காய், பழம், ரவிக்கைத் துணி. குங்குமப் பொட்டலம் இருக்கும் இடத்தில், காகிதத்தில் மடித்த விபூதி. “அடுத்த வெள்ளிக்கிழமையும் வாங்க. இன்னிக்குப் பாடாத பாட்டெல்லாம் பாக்கி இருக்கு” என்றார்.

தோழியரே, இந்த வருடமும் நவராத்திரி வரும். நீங்களும் பட்டியல் எழுதுவீர்கள். எழுதி முடித்ததும், அதில் இல்லாத பெயர்களையும் ஒரு நிமிடம் நினைத்துப் பாருங்கள். அவர்களை விட்டதற்கு நீங்கள் என்ன சொல் வைத்திருக்கிறீர்கள்? ‘அவங்களுக்கு வசதிப்படாது’, ‘அவங்களே சங்கடப்படுவாங்க’, ‘வயசாயிடுச்சு, அலைய வைக்க வேண்டாம்’... அது நிஜமாகவே அவர்களுக்காகச் சொல்லும் சொல்தானா? சந்தேகமாக இருந்தால் வழி சுலபம். நேரே போய் அவர்களிடமே கேட்டுவிடுங்கள்.

அன்று எல்லோரும் போன பிறகு கொலுவுக்கு ஆரத்தி எடுத்தோம். படிகளில் பொம்மைகள் எல்லாம் நேராக நின்றிருந்தன. “அத்தை, விளக்கை மலையேத்தட்டுமா?” என்று கேட்டேன்.

“கொஞ்ச நேரம் இருக்கட்டும்மா” என்றார்.